சென்னையை விட்டுச் சின்ன ஊருக்குப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 ஜூனில் வேளச்சேரி வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருச்சிக்கு வந்தோம். நான் பிறந்து வளர்ந்தது கும்பகோணம். மனைவிக்குப் பாளையங்கோட்டை. அண்ணன் குடும்பம் கோயம்புத்தூரில் இருக்கிறது. இப்படி நாலு ஊர்ப் பழக்கம் இருப்பதால், சென்னையில் இருக்கும் நண்பர்களும் உறவுக்காரர்களும் இதைப் பற்றி என்னிடம்தான் கேட்கிறார்கள். வாரத்துக்கு ஒரு போனாவது வரும். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன்.

"ஊர்ப் பக்கம் போயிடலாம்னு தோணுது. எங்கேருந்து யோசிக்க ஆரம்பிக்கணும்?"

ஊர்ப் பெயரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டின் சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள். யார் எத்தனை மணிக்கு எழுந்து எங்கே போகிறார்கள், அப்பாவின் மாத்திரை எங்கே வாங்குகிறீர்கள், பிள்ளையை யார் கூட்டிவருகிறார்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மனைவி என்ன செய்கிறார் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்த நாள் எந்த ஊரில் சிரமமில்லாமல் நடக்கும் என்பதுதான் கேள்வி.

பலர் பொங்கல் லீவில் பார்த்த ஊரை மனதில் வைத்து முடிவு எடுக்கிறார்கள். மார்கழிக் குளிர் போகாத காலை, வீடு நிறைய ஆட்கள், வேலை எதுவும் இல்லை. அந்த நாலு நாளில் எந்த ஊரும் நன்றாகத்தான் இருக்கும். மே மாதம் வேலை நாளில் ஒரு வாரம் தங்கிப் பாருங்கள். முடிந்தால் நவம்பரில் இன்னொரு வாரம்.

"சின்ன ஊர்னா எதைச் சொல்றீங்க? கோயம்புத்தூரும் சின்ன ஊரா?"

நான் மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். கோயம்புத்தூர், மதுரை, திருச்சி, சேலம் ஆகியவை பெரிய நகரங்கள். விமான நிலையம், பெரிய ஆஸ்பத்திரிகள், கல்லூரிகள் எல்லாம் உள்ளூரிலேயே உண்டு. அடுத்தது நடுத்தரம். 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாநகராட்சியில் சுமார் 4.7 லட்சம் பேர், தஞ்சாவூரிலும் நாகர்கோவிலிலும் சுமார் 2.2 லட்சம் பேர். மூன்றாவதுதான் உண்மையில் சின்ன ஊர்: கும்பகோணம் 1.4 லட்சம், காரைக்குடி 1.07 லட்சம், தென்காசி 70,000.

மாநகராட்சி என்ற பெயரை வைத்து அளவை முடிவு செய்யாதீர்கள். கும்பகோணம் 2021லும், காரைக்குடியும் புதுக்கோட்டையும் 2024லும் மாநகராட்சி ஆகிவிட்டன. போர்டு மாறியதால் ஊர் மாறிவிடவில்லை. ஓசூரை இந்தக் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன். நிர்வாகம் தமிழ்நாடு என்றாலும், வேலையும் வாடகையும் பெங்களூரைப் பார்த்தே நகர்கின்றன.

"செலவு நிஜமாவே பாதியா குறையுமா?"

வாடகை குறையும். வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 19,000 கொடுத்துக்கொண்டிருந்தோம். திருச்சி கே.கே. நகரில் அதைவிடப் பெரிய வீடு 9,500க்குக் கிடைத்தது. அதே திருச்சியில் தில்லைநகரில் கேட்டால் கணக்கு வேறு. கோயம்புத்தூரின் நல்ல பகுதிகளில் சென்னையின் நடுத்தரப் பகுதிக்கு இணையாகவே கேட்கிறார்கள்.

மளிகை, கேஸ், பெட்ரோல், பள்ளிக் கட்டணம், போன் இவற்றில் பெரிய மாற்றம் இருக்காது. மின்கட்டணம் மாநிலம் முழுக்க ஒன்றுதான். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா ஊர் வீடுகளுக்கும் இலவசம். காய்கறி, பால், வீட்டுவேலை உதவி, தையல், ரிப்பேர் வேலைகள் கொஞ்சம் மலிவு. புதிதாக வரும் செலவுகளும் உண்டு. எங்களுக்கு இரண்டாவது ஸ்கூட்டர் வந்தது, சென்னைக்குப் போய்வரும் டிக்கெட் வந்தது. அப்புறம் மொய். சென்னையில் இருந்தபோது வருடத்துக்கு ஐந்தாறு கல்யாணத்துக்குத்தான் போவோம். இங்கே ஒரு ஆவணி மாதத்திலேயே அத்தனை பத்திரிகை வருகிறது. போகாமல் இருக்கவும் முடியாது, ஏனென்றால் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள். எங்கள் மொத்தச் செலவு கால் பங்கு குறைந்தது. பாதி குறையவில்லை.

"அட்வான்ஸ் எவ்வளவு? ஒத்தின்னு போர்டு பார்த்தேன், அது என்ன?"

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. நடைமுறையில் ஐந்து மாதம், சில இடங்களில் பத்து மாதம் கேட்கிறார்கள். சின்ன ஊர்களில் பேசிக் குறைக்க முடியும்.

ஒத்தி அல்லது போகியம் என்றால், மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது. இரண்டு மூன்று வருடம் கழித்துக் காலி செய்யும்போது முழுத்தொகையும் திரும்ப வரும். மதுரை, நெல்லைப் பக்கம் இது ரொம்பவும் சகஜம். பிரச்சினை எங்கே வரும் என்றால், வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே அந்த வீட்டின் மேல் பேங்க் கடன் இருந்து, அவர் கட்டாமல் விட்டால் உங்கள் பணம் மாட்டிக்கொள்ளும். முதலில் வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) போட்டுப் பாருங்கள். ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்ய வீட்டுக்காரர் மறுத்தால் அந்த வீடு வேண்டாம்.

"தண்ணி எப்படி? சென்னை மாதிரி லாரி வருமா?"

இந்தக் கேள்வியை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, நண்பர்கள் வீட்டில் ஒரு லாரி தண்ணீருக்கு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அப்போது எங்கள் வீட்டில் காவிரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. திருச்சிக்குக் காவிரி, கொள்ளிடம் ஆற்றுப்படுகைக் கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள். நெல்லைக்குத் தாமிரபரணி. கோயம்புத்தூருக்குச் சிறுவாணியும் பில்லூரும். சிறுவாணித் தண்ணீர் குடித்துப் பழகியவர்களுக்கு வேறு எதுவும் வாயில் நிற்காது, என் அண்ணன் பிள்ளைகள் இங்கே வந்தாலே முகத்தைச் சுளிக்கும்.

ஆனால் ஊருக்குத் தண்ணீர் இருப்பது வேறு, நீங்கள் பார்க்கும் வீட்டுக்கு வருவது வேறு. ஒரே ஊரில் ஒரு தெருவுக்குத் தினமும் வரும், இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் புதிதாக வந்த நகரில் நாலு நாளுக்கு ஒருமுறை வரும், அல்லது குழாயே போட்டிருக்க மாட்டார்கள், முழுக்கப் போர் தண்ணீர்தான். வீடு பார்க்கப் போனால் நேராகக் குளியலறைக்குப் போங்கள். குழாயின் வாய் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறதா, கண்ணாடியில் துடைத்தும் போகாத புள்ளிகள் இருக்கின்றனவா, பக்கெட்டின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் வளையம் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். புரோக்கர் 'நல்ல தண்ணிங்க' என்று சொல்வதை அந்த பக்கெட் சரிபார்த்துக் கொடுத்துவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும், பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 500க்குள் காட்டினால் நல்லது. 2,000ஐத் தாண்டினால், வேறு வழியே இல்லாத இடத்தில்கூட அதைக் குடிக்கக் கூடாது.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் 'காவேரி எத்தனை மணிக்கு வரும்?' என்று கேளுங்கள். 'காலைல ஆறு டு ஏழு' என்று உடனே பதில் வந்தால் நிம்மதி. யோசித்தால், அந்தத் தெருவில் ஒழுங்காக வருவதில்லை என்று அர்த்தம்.

"வெயில் தாங்க முடியுமா?"

கடற்கரை ஊரில் இருந்துவிட்டு உள்மாவட்டத்துக்கு வருகிறவர்களுக்கு முதல் கோடை கஷ்டம்தான். சென்னையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று வரும். திருச்சி, மதுரை, வேலூர், கரூர்ப் பக்கம் அது கிடையாது. வெயில் பட்டியலில் கரூர் பரமத்தி அடிக்கடி முதலில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். புழுக்கம் குறைவு, ஆனால் காற்று அனலாக இருக்கும். மொட்டை மாடிக்குக் கீழேயே இருக்கும் வீட்டை மட்டும் எடுக்காதீர்கள்.

கோயம்புத்தூருக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருகிறது. கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரமும் சேர்ந்து கொஞ்சம் இதமாக வைத்திருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்காசியில் சாரல். நாகர்கோவிலுக்கு இரண்டு பருவமழையும் உண்டு.

"அம்மா அப்பாவுக்கு வயசாயிடுச்சு. ஆஸ்பத்திரி வசதி போதுமா?"

சாதாரணக் காய்ச்சல், சர்க்கரை, பிரஷர் ஆகியவற்றுக்கு எந்த ஊரிலும் கவலையில்லை. சொல்லப்போனால் சின்ன ஊரில் டாக்டருக்கு உங்கள் அப்பாவின் பெயர் தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கண்ணுக்கு 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் ஆஸ்பத்திரி நெல்லை, கோயம்புத்தூர் உட்படப் பல ஊர்களில் இருக்கிறது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. நாகப்பட்டினம், அரியலூர், ராமநாதபுரம், விருதுநகர் போன்ற, அதுவரை பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளியூர் ஓடிக்கொண்டிருந்த மாவட்டங்களுக்கு அது பெரிய விஷயம்.

சிக்கல் வருவது ராத்திரி இரண்டு மணிக்கு. என் மாமா ஒரு சின்ன ஊரில் இருந்தார். ஒருநாள் விடியற்காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது, வாய் லேசாகக் கோணியது. பத்து நிமிஷத்தில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 'டாக்டர் வரட்டும்', 'ஸ்கேன் எடுக்கிற ஆள் வரட்டும்' என்று மூன்று மணி நேரம் போயிற்று. அப்புறம் திருச்சிக்கு எழுதிக் கொடுத்தார்கள். மூளையில் ரத்தக்கட்டு என்றால் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இங்கே வந்து சேர்ந்தபோது அந்த நேரம் தாண்டியிருந்தது. மாமா இப்போது நடக்கிறார், பேசுகிறார். சட்டைப் பொத்தானை மட்டும் அத்தைதான் போட்டுவிடுகிறார்.

அதனால் 'ஆஸ்பத்திரி இருக்கிறதா' என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். குடிபோகும் முன்பே நேரில் போய், ராத்திரியில் சிடி ஸ்கேன் எடுப்பீர்களா, மூளை நரம்பு டாக்டரும் இதய டாக்டரும் ராத்திரி கூப்பிட்டால் வருவார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால், இருக்கும் இடம் எத்தனை நிமிஷம் என்று கணக்குப் போடுங்கள். 70 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் இருந்தால், இந்தப் பதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் ஊரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், அது எவ்வளவு அழகான ஊராக இருந்தாலும்.

"பிள்ளைங்க படிப்பு கெட்டுப்போயிடாதே?"

பத்தாவது வரை பயப்பட ஒன்றுமில்லை. எல்லா நடுத்தர ஊரிலும் நல்ல பள்ளிகள் இருக்கின்றன, போக வர பத்து நிமிஷம். என் மகளுக்குச் சென்னையில் வேனில் தினமும் ஒன்றேகால் மணி நேரம் போய்க்கொண்டிருந்தது. இங்கே வந்தபின் அந்த நேரத்தில் விளையாடவும் தூங்கவும் முடிந்தது. பதினொன்றாம் வகுப்பில் நுழைவுத் தேர்வுக் கோச்சிங் வேண்டுமென்றால் திருச்சி, மதுரை, கோயம்புத்தூர், சேலம்தான் வசதி. நீச்சல், செஸ், டென்னிஸ் போன்றவற்றில் மாநில அளவுக்குப் போகிற பிள்ளை என்றால், பயிற்சியாளர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு ஊரை முடிவு செய்யுங்கள்.

மாறுவதாக இருந்தால் ஏப்ரல், மே மாதத்தில் மாறுங்கள். ஒன்பதாவது முடித்தோ, பத்தாவது முடித்தோ மாறலாம். பத்தாவது நடுவில் வேண்டாம்.

"ஒர்க் ஃப்ரம் ஹோம்தான். நெட்டும் கரண்டும் சரியா இருக்குமா?"

இன்டர்நெட் பற்றிய பயம் பழைய கதை. ஃபைபர் இல்லாத ஊர் இப்போது அபூர்வம். உள்ளூர் கேபிள்காரரின் இணைப்பு ஒன்று, பெரிய நிறுவன இணைப்பு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்டுக்குத்தான் ஏற்பாடு வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒருநாள் காலை ஒன்பதுக்குப் போனால் மதியமோ சாயங்காலமோ ஆகும். முதல்நாள் பேப்பரில் பகுதிப் பெயரோடு போடுவார்கள். இன்வெர்ட்டர் வாங்கும்போது மோடத்துக்கும் மேஜை விளக்குக்கும் தனி லைன் எடுக்கச் சொல்லுங்கள்.

"இந்த வேலை போயிட்டா அங்கேயே வேற வேலை கிடைக்குமா?"

கோயம்புத்தூரில் ஓரளவு கிடைக்கும். மற்ற ஊர்களில் உங்கள் தொழிலைப் பொறுத்தது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி 2011 முதல் இயங்குகிறது. விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடியில் 2024இல் மினி டைடல் பார்க் என்ற சின்ன ஐடி வளாகங்களைத் திறந்தார்கள். எல்லாம் நல்ல தொடக்கம். ஆனால் 40 வயதில் நல்ல சம்பளத்தில் இருக்கும் ஒருவர், அதே சம்பளத்தில் அதே ஊரில் அடுத்த வேலையைப் பிடிப்பது கஷ்டம். கணவன் மனைவி இருவருக்கும் கிடைக்க வேண்டும் என்றால் இன்னும் கஷ்டம்.

வருமானம் ஒரே ஒரு கம்பெனியின் 'வீட்டிலிருந்தே செய்யலாம்' என்ற அனுமதியை நம்பி இருந்தால், ஒரு வருடச் செலவுக்குப் பணம் கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள். 2022க்குப் பிறகு ஆபீஸுக்குக் கூப்பிட்டதால் சாமானோடு திரும்பிப்போன மூன்று குடும்பங்களை எனக்குத் தெரியும்.

"கார் இல்லாம இருக்க முடியுமா?"

முடியும், ஸ்கூட்டர் இருந்தால். கும்பகோணத்தில் முக்கால்வாசி வேலையை நடந்தே முடிக்கலாம். திருச்சி, மதுரையில் டவுன் பஸ் நிறைய. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் பஸ் குறைந்துவிடும். ஆப்பில் ஆட்டோ, டாக்ஸி பெரிய ஊர்களில் வரும். சின்ன ஊரில் தெருமுனை ஸ்டாண்டில் இருக்கும் அண்ணன் ஒருவரின் நம்பர் போதும், அவர் ராத்திரி பன்னிரண்டுக்கும் வருவார்.

"மாசத்துக்கு ரெண்டு தடவை சென்னை வரணும். எந்த ஊர் வசதி?"

ரயில் பாதையைப் பாருங்கள், தூரத்தைப் பார்க்காதீர்கள். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்கு வருவது இரட்டைப் பாதை. மதுரை, நெல்லைக்குப் போகும் ரயில்களில் பெரும்பாலானவை இந்த வழியாகத்தான் வருகின்றன. அதனால் திருச்சிக்குக் காலை முதல் நள்ளிரவு வரை ரயில் இருக்கிறது. வந்தே பாரத்தில் சுமார் நாலு மணி நேரம். கும்பகோணம், தஞ்சாவூர் இருப்பது மயிலாடுதுறை வழியாக வரும் பழைய மெயின் லைனில். ஒற்றைப் பாதை, ரயிலும் குறைவு. வரைபடத்தில் கும்பகோணம் சென்னைக்குக் கிட்டே தெரிந்தாலும், பயணத்தில் திருச்சிதான் கிட்டே.

பஸ்ஸில் வருகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்த பிறகு தென்மாவட்ட பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து நகரத்துக்குள் போக இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. தீபாவளி, பொங்கல் டிக்கெட் சில நிமிஷங்களில் தீர்ந்துவிடும்.

"வாடகைக்கு வீடு கேட்டா சாதி கேட்கிறாங்களாமே?"

கேட்கிறார்கள். சென்னையிலும் கேட்கிறார்கள், இங்கே இன்னும் வெளிப்படையாக. நேராகக் கேட்காதவர்கள் 'சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு, குலதெய்வம் எது' என்று சுற்றிவந்து அதே இடத்துக்கு வருவார்கள். 'வெஜ்ஜா?' என்பதும் பல சமயம் அதே கேள்விதான். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், முஸ்லிம், நல்ல சம்பளக்காரர். ஒரு ஊரில் பதினோரு வீடு பார்த்தார். பெயரைச் சொன்னதும் ஒன்பது வீட்டில் 'நேத்துதான் ஆள் பார்த்துட்டாங்க' என்றார்கள். இது அநியாயம். அமைதியான ஊர், நல்ல மனுஷர்கள் என்று நான் சொல்வதெல்லாம் இதைச் சொல்லாமல் விட்டால் உண்மையாகாது.

அனுபவத்தில் கண்டது: மாற்றலாகி வந்த அரசு ஊழியர்களும் தொழிற்சாலை ஊழியர்களும் அதிகம் உள்ள பகுதிகளில் இந்தத் தொல்லை குறைவு. திருச்சியில் பெல், பொன்மலைப் பக்கம், தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிப் பக்கம், வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள் இந்த மாதிரி இடங்கள். கோயிலைச் சுற்றிய பழைய தெருக்களிலும் ஒரே சமூகத்தார் சேர்ந்து வாழும் தெருக்களிலும் அதிகம்.

"அவருக்கு அது சொந்த ஊர். எனக்கு அங்க என்ன இருக்கு?"

இதைக் கேட்டவர் ஒரு நண்பரின் மனைவி. என் மனைவியையே பதில் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "முதல் வருஷம் நான் அழுதேன். சென்னையில எனக்கு வேலை இருந்துச்சு, தோழிகள் இருந்தாங்க, நைட்டியோட கடைக்குப் போனாலும் யாரும் கேட்க மாட்டாங்க. இங்க வந்ததும் நான் 'அவங்க மருமக' ஆயிட்டேன். எட்டு மணிக்கு மேல வெளிய போனா அடுத்த நாள் மாமியார் காதுக்கு வந்துடும். கணவரோட சொந்தக்காரங்க இருக்கிற தெருவுல வீடு எடுக்காதீங்க. ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக்கிட்டு வாங்க. உங்களுக்குன்னு ஒரு வேலையோ வகுப்போ வர்ற முதல் மாசமே பிடிச்சுக்குங்க."

நாங்கள் கும்பகோணத்துக்குப் போகாமல் திருச்சியில் நின்றதற்கு ஆஸ்பத்திரி ஒரு காரணம், ரயில் ஒரு காரணம். இந்தக் கேள்விதான் பெரிய காரணம். இருவருக்கும் சொந்த ஊராக இல்லாத ஊர் எங்களுக்குச் சரியாக அமைந்தது.

"வெள்ளம், புயல் எல்லாம் சென்னையிலதானே?"

2015 டிசம்பரில் வேளச்சேரியில் முதல் மாடியில் மூன்று நாள் இருந்தவன் நான். அந்த பயத்தில்தான் பலர் கிளம்புகிறார்கள். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் தென்னந்தோப்புகளை அடியோடு சாய்த்தபோது, வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கக் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி வெள்ளம் நெல்லைக்குள் வந்தது.

தண்ணீர் கேள்விக்குச் சொன்னதுதான் இங்கேயும்: ஊரைப் பார்க்காமல் தெருவைப் பாருங்கள். பழைய டீக்கடைக்காரரிடம் '2005ல இங்க தண்ணி எவ்வளவு வந்துச்சு?' என்று திருச்சியில் கேட்டால், இடுப்பிலோ முழங்காலிலோ கை வைத்துக் காட்டுவார்.

"இடம் மலிவா இருக்கு. உடனே வாங்கி வீடு கட்டிடலாமா?"

உடனே வேண்டாம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் வாடகை வீட்டில் இருந்து பாருங்கள்.

வாங்கும்போது 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்று சொன்னால் அங்கேயே நின்று யோசியுங்கள். மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி வேண்டும். அனுமதியில்லாத மனையாக இருந்தால், 2016 அக்டோபர் 20க்கு முன்பு பிரித்ததற்கு மட்டும்தான் வரன்முறை (பிற்பாடு அனுமதி வாங்கும்) வசதி கொடுத்தார்கள். மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கம், விற்கிறவர் பெயரில் பட்டா, புல வரைபடம் நாலையும் கையில் வாங்கி, உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் உங்கள் புரோக்கர் கூட்டிவந்தவராக இருக்கக் கூடாது. பதிவுச் செலவு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். பட்ஜெட்டில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கோயில் ஊர்களில் இன்னொன்று. ஸ்ரீரங்கம், கும்பகோணம் போன்ற இடங்களில் வீடு ஒருவருடையதாகவும், அடிமனை, அதாவது வீடு நிற்கும் நிலம், கோயிலுடையதாகவும் இருக்கலாம். பார்க்க நூறு வருட வீடு, திண்ணை, முற்றம் எல்லாம் இருக்கும். விலையும் இறங்கியே இருக்கும். நிலம் கோயிலுடையது என்றால் பிற்பாடு விற்கவும் முடியாது, பேங்க் கடனும் கிடைக்காது. வக்ஃப் நிலத்துக்கும் இதே எச்சரிக்கை. ஏரி, கண்மாய், வாய்க்கால் ஓரமாக இருந்தால், நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண் நீர்நிலைப் புறம்போக்காக (அரசு நிலமாக) இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

"சரி, சுத்தி வளைக்காம சொல்லுங்க. திருச்சியா, தஞ்சாவூரா, கும்பகோணமா?"

வயதான பெற்றோரும், சென்னைக்கு அடிக்கடி பயணமும் இருந்தால் திருச்சி. வேலை நிச்சயமாக இருந்து, சின்ன அளவிலான ஊர் வேண்டும், ஆனால் அரசு மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகங்களும் பக்கத்தில் வேண்டும் என்றால் தஞ்சாவூர். திருச்சி 55 கிலோமீட்டர்தான், பெரிய தேவைக்குப் போய்வரலாம். கும்பகோணம் என் ஊர். காலை ஐந்தரைக்கு மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்து, டிகிரி காபி குடித்து, ஏழு மணிக்குள் காய்கறியோடு வீடு திரும்பும் சுகம் வேறு எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்து வெளியே போய்விட்ட, உடம்பு நன்றாக இருக்கும் தம்பதிக்கு அதைத்தான் சொல்வேன். 35 வயதில் இரண்டு பேரும் வேலை பார்க்கும் குடும்பத்துக்குச் சொல்ல மாட்டேன். அவர்கள் கோயம்புத்தூரைப் பார்க்கட்டும், அதிக வாடகையோடு.

"போயிட்டு பிடிக்கலைன்னா?"

திரும்பி வரலாம் என்ற ஏற்பாட்டோடு போங்கள். சென்னையில் சொந்த ஃபிளாட் இருந்தால் விற்காமல் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடுங்கள். பெரிய பீரோவையும் டைனிங் டேபிளையும் முதல் வருடம் உறவினர் வீட்டில் போட்டுவையுங்கள். ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, ஆதார் முகவரியை ஆறு மாதம் கழித்து மாற்றினால் போதும். மருத்துவக் காப்பீட்டில் மட்டும் புது ஊரின் ஆஸ்பத்திரிகள் சேர்ந்திருக்கின்றனவா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். நாங்கள் வந்து எட்டாவது மாதம்தான் பீரோவைக் கொண்டுவரச் சொல்லி மனைவி போன் செய்தார்.